என் எட்டு சிலிண்டரும் கதிரின் மாப்பிள்ளை அழைப்பும்

ஆடி 28, புதன்

காற்று. காலையிலிருந்தே மலைப்பக்கக் காற்று. முற்றமெல்லாம் மாவிலை, தறிக்கூடத்துப் பஞ்சு. இரண்டு தடவை பெருக்கினேன், பிறகு விட்டுவிட்டேன்.

முடித்தவை: வண்டிக்கு ஆயில். எட்டு பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டியது. பின் டயருக்குக் காற்று.

முடிக்காதவை: பேண்டேஜ் துணிக்கு நூல் ஆர்டர். இரண்டாம் தறிக்குப் பெல்ட். பல் டாக்டர்.

பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்ன பாக்கியம், வண்டிக்குப் பல்லு வெளக்கி விடுதியாக்கும்?" ஆமாம் என்றேன். என் பல் வலியை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் வண்டிதான் காரணம் என்பார்.

யாரும் படிக்கப் போவதில்லை, எனவே உண்மையை எழுதிவிடலாம். இந்த வண்டி யாருக்கும் பிரயோஜனம் இல்லாதது. இரண்டே கதவு. பின் சீட்டில் உட்காருகிறவர் முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மேலே துணிக் கூரை, ஒரு சாரலுக்குத் தாங்காது. ஸ்டியரிங் இடது பக்கம். மார்க்கெட் சந்துக்குள் நுழையாது, நுழைந்தால் திரும்பாது. ஒரு துணி பேல் ஏற்ற வழியில்லை. பெட்ரோல் பங்க் பையன் என்னைக் கண்டாலே சிரிக்கிறான். இதெல்லாம் தெரியாமல் வாங்கவில்லை. தெரிந்துதான் வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயதுவரை பிரயோஜனமான சாமான்களோடு மட்டுமே வாழ்ந்தாயிற்று, நானும் அதில் ஒன்று.

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது 'எதுக்கு?' எதிர் வீட்டுப் பையன் புல்லட் வாங்கியபோது ஒருவரும் எதுக்கு என்று கேட்கவில்லை. லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும் என்று கேட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார், கதிருக்கு அப்பா. போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஷெட்டுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பறிமுதல் செய்த வண்டியைப் பார்ப்பது போல நின்றார்.

"கதிரு மாப்பிள்ளை அழைப்புக்கு இத எடுத்துக்கிடுவோம். அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கழுவிப் போட்டிரு. ஓட்டுறதுக்கு ஆளு பாத்துக்கிடுதேன்."

கேட்கவில்லை. சொன்னார். மூன்று வருஷமாக "இந்தச் சனியனை எப்பத் தள்ளிவிடப் போற" என்றவர்.

"வண்டி வரும். நாந்தான் ஓட்டுவேன்" என்றேன்.

"நீயா? மாப்பிள்ளையை வச்சுக்கிட்டா?"

"வேற யாருக்கு இது ஓட்ட வரும்?"

"முப்பது வருசம் ஜீப்பு ஓட்டுனவன்ட்ட சொல்லுதா." கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சரி, பாப்போம்."

அண்ணன் 'பாப்போம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். மனு கொடுக்க வந்தவர்களிடமும் இதையேதான் சொல்லியிருப்பார்.

ஆடி 30, வெள்ளி

வெயில். காற்று குறைவு. நூல் வந்தது. பல் டாக்டரிடம் போகவில்லை.

கோயிலுக்குப் போகிற வழியில் மதினி வந்தார், அண்ணன் சம்சாரம். சம்பந்தி வீட்டு வரிசை, பட்டு, மண்டபத்துச் சாப்பாடு எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் வழக்கம்போல நகைக்கு வந்தார். "அந்த நகை இருந்திருந்தா நித்யா கழுத்துக்கு எம்புட்டு எடுப்பா இருந்திருக்கும்." நித்யா மருமகளாக வரப்போகிற பெண், மம்சாபுரம்.

அந்த நகை எனக்குச் செய்தது. என் கல்யாணத்துக்கு. கல்யாணம் நின்றது, நகை நின்றது. லாக்கரில் கிடந்த காலமெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பேன். ஒரு நாளும் போட்டதில்லை. எங்கே போட்டுக்கொண்டு போக, தறிக்கூடத்துக்கா? பிறகு வீட்டில் எல்லாரும் அது கதிர் பெண்டாட்டிக்கு என்று தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மில் பங்களாவுக்குப் போனேன், நூல் விஷயமாக. வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். பின்கட்டில் ஏதோ இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்ற காது எனக்கு, சத்தம் என்றால் புதிதில்லை. ஆனால் தறிக்கு ஒரே அடி. இதற்கு எட்டு அடி. ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது, ஆனாலும் கூட்டு விட்டுப் போகவில்லை. காதில் கேட்டதைவிட வயிற்றில்தான் அதிகம் கேட்டது. கூப்பிடாமலே எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கருநீலமாய் ஒரு நீளமான பானெட். அந்தக் காலத்து முதலாளி அமெரிக்காவிலிருந்து தருவித்ததாம். பங்களா டிரைவர் வயதானவர், தெலுங்குக்காரர். மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைப்பாராம். "தொட்டுப் பாருங்கம்மா" என்றார். பானெட்டில் கையை வைத்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கே புரியவில்லை. அடுத்த மாதம் லாக்கரைக் காலி செய்தேன்.

பதினைந்து நாள் அந்த டிரைவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். நான் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் "மெல்லகா, மெல்லகா" என்று டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்வார்.

கதிர் ஓசூரிலிருந்து போன் செய்தான். இந்த மாதிரி வண்டிக்கு அமெரிக்காவில் 'மசில் கார்' என்று பெயர் என்று எனக்குச் சொன்னது அவன்தான்.

"அத்தே, நீங்கதான் ஓட்டுறீங்க. அப்பாட்ட சொல்லிட்டேன்."

"அப்பா என்னடா சொன்னாக?"

"பாப்போம்னாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணனுக்கு ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாறுதல், பையன் படிப்புக் கெடும் என்று என்னிடம் விட்டார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை என் வீடுதான். அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் படுத்தது நான். அவன் கல்யாணத்துக்கு நான் வண்டி ஓட்டக் கூடாதென்றால் வேறு யார் ஓட்டுவது?

ஆவணி 2, திங்கள்

விடிகாலையில் கிளம்பிக் கிருஷ்ணன்கோவில் வரை போய் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை. வேலை இருந்தால் ஸ்கூட்டரில் போவேன்.

இடது கைப்பக்கம் மலை, உச்சியில் மேகம். வில்லிபுத்தூர் தாண்டிச் சாலை காலியானதும் மிதித்தேன். முதலில் முன்பக்கம் லேசாகத் தூக்கும். பிறகு முதுகு சீட்டில் போய் ஒட்டும். கையில் ஸ்டியரிங் கனக்கும், பவர் கிவர் ஒன்றும் இல்லை, நம் தோள்தான். அந்தச் செத்த நேரத்துக்கு நான் யாருக்கும் தங்கச்சி இல்லை, அத்தை இல்லை, தறிக்கூடத்து ஓனரம்மா இல்லை. கல்யாணம் ஆகாதவளும் இல்லை. இந்தச் சுகத்தை யாருக்கு விளக்கிச் சொல்ல முடியும்? விளக்கவும் வேண்டாம்.

காலேஜ் பஸ் ஒன்று பக்கத்தில் வந்தது. ஜன்னல் முழுக்கத் தலைகள். ஒரு பெண்பிள்ளை கத்தினாள்: "அக்கா, கெத்து!" ஆச்சி என்று கத்தவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

டீக்கடையில் நிறுத்தினேன். ஒருவர் வலது பக்கம் எட்டிப் பார்த்து, "ஸ்டியரிங்கைக் காணோமே, கழட்டிட்டாகளா?" என்றார். அது இந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டினேன். "அப்ப வீட்டுக்காரரு அந்தப் பக்கம் சும்மா உக்காந்து வரணுமாக்கும்?" வீட்டுக்காரர் இல்லை என்றேன். "அதான பாத்தேன்."

திரும்பும் வழியில் பூ அலங்காரம் செய்கிறவரைப் பார்த்தேன், வில்லிபுத்தூரில் கடை. வண்டியைக் காட்டி விவரமாகச் சொன்னேன். பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டு. பின்னால் கட்டு. முன்பக்கம் இந்த ஜல்லடை போல இருக்கிற இடத்தில் ஒரு பூக்கூட வரக் கூடாது. இதற்குள்தான் காற்றுப் போய் ரேடியேட்டரை ஆற்ற வேண்டும். சாக்பீஸால் கோடு போட்டே காட்டினேன். தலையை ஆட்டினார்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. போன வருஷம் சோழபுரத்தில் வயல் பார்க்கப் போனபோது, வைக்கோல் டிராக்டர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்த வழியில்லை. நடக்கிற வேகம். வைக்கோல் பறந்து வந்து முன்பக்கத்தில் ஒட்டிக்கொள்ள, நடுரோட்டில் கொதித்து ஆவி விட்டு நின்றது. இந்த ஜாதி வண்டி ஓடினால் குளிரும், ஊர்ந்தால் கொதிக்கும். குடத்தோடு கிணறு தேடி அலைந்தேன். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவர் கேட்டதும் எதுக்கு என்றுதான்.

ஆவணி 5, வியாழன்

புழுக்கம். தறி ஆள் இருவர் லீவு. நானே நின்றேன். இடுப்பு வலி.

அண்ணன் போனில். குரல் மிருதுவாக இருந்தது, அதுவே சந்தேகம். "நீயே ஓட்டு, கதிரு பிரியப்படுதான். ஒரு கொறையும் இல்ல." நம்பவா?

நம்பிவிட்டேன். சந்தோஷம் வந்தால் புத்தி வேலை செய்வதில்லை.

கட்ட வேண்டிய சேலை: மதினி எடுத்துக் கொடுத்த பட்டு, அரக்கு. காலில்: கான்வாஸ் ஷூ. பட்டுச் சேலைக்குக் கீழே தெரியாது. தெரிந்தாலும் என்ன.

சனிக்கிழமைக்கு எடுத்து வைக்க: தண்ணீர் கேன் இரண்டு, பழைய துண்டு, டார்ச், ஃபேன் பெல்ட் ஸ்பேர். மாலை வாங்கக் கூடாது, பெண் வீட்டார் வாங்குவார்கள்.

ஆவணி 8, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கல்யாணம் முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்காமல் வந்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன், கோபத்தில் தாறுமாறாகிவிடும்.

நேற்று சாயங்காலம் வண்டியை வில்லிபுத்தூர் மண்டபத்து வாசலில் கொண்டுபோய் விட்டேன், பூ கட்டுவதற்காக. நான் சேலை மாற்ற மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் வண்டியைக் காணோம், பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோயாயிற்று என்றார்கள். ஊர்வலம் கிளம்புகிற இடம் அது. யார் ஓட்டிக்கொண்டு போனது? சாவி என் பையில்தானே இருக்கிறது? தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள், கதிரின் சிநேகிதப் பையன்கள்.

ஓடினேன். கோயில் முன்னால் வண்டி. முகத்தையே காணோம். பம்பரிலிருந்து பானெட் விளிம்பு வரை ஒரே பூப்படுதா, செவ்வந்தியும் சம்பங்கியும் இழை விடாமல். மேலே வாழை இலையில் செய்த மயில் வேறு. பூக்காரர் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "நீங்க வேண்டாம்னதச் சொன்னேம்மா. அவிய கேக்கல."

அவிய என்றால் மதினி. "பின்ன? மாப்பிள்ளை வண்டி மூஞ்சி மூளியாக் கெடக்கலாமா?" என்றார். சொல்லிவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். பிறகு வேறு எங்கோ பார்த்தார்.

அண்ணன் கையை நீட்டினார். "சாவியக் குடு பாக்கியம்."

"நான் ஓட்டுறதாத்தான பேச்சு?"

"பேச்சுத்தான். பொண்ணு வீட்டுல யோசிக்காக. நல்ல காரியத்துல முன்னால போற வண்டி. அதுல முன்னால ஒரு..." நிறுத்திக்கொண்டார்.

"ஒரு என்ன?"

பெண்ணின் அப்பா, பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், கோயில் கோபுரத்தை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் தவிலைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்கச் சனம்.

"எல்லாரும் பாக்காக. குடு."

அப்போதுதான் கதிர் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்தான். மாலையும் கழுத்துமாய், நெற்றி நிறையத் திருநீறு. சிரித்துக்கொண்டு வந்தான். நான் ஒரு வார்த்தை பேசினால் அந்தச் சிரிப்பு போய்விடும், அவன் அப்பாவோடு நடுத்தெருவில் சண்டைக்கு நிற்பான். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

"முன்னால இருக்கிற பூவையாச்சும் எடுத்துருங்கண்ணே, காத்துப் போகாது, கொதிச்சிரும்."

"ரெண்டு தெரு போறதுக்குள்ள என்னத்தக் கொதிக்கப் போகுது."

கதிரிடம் எனக்குத் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டார்களாம். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் கையை ஆட்டினேன். பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்களுக்கும் பின்னால் நடந்தேன். எனக்குத் தட்டும் தரவில்லை, அது சுமங்கலிகளுக்கு.

அண்ணன் ஓட்டினார். நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. பத்தடிக்கு ஒரு நிறுத்தம், மேளம், வெடி, பையன்கள் ஆட்டம். பின் சீட்டில் நாலு குழந்தைகளை அடைத்திருந்தார்கள். தெற்கு ரத வீதி முக்கு வருவதற்குள் எனக்குச் சத்தம் மாறியது தெரிந்துவிட்டது. மேளத்துக்கு ஊடே, எட்டில் ஒன்றிரண்டு இடறுகிறது. பிறகு வாடை. வெந்த செவ்வந்தி வாடை. சாமி வீதியுலா போல எல்லாரும் மூக்கை உறிஞ்சி "என்னா மணம்" என்கிறார்கள்.

முக்கில் நின்றது. பூப்படுதாவின் ஓட்டையெல்லாம் ஆவி. குழந்தைகள் கைதட்டின, அலங்காரத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு. அண்ணன் குதித்து இறங்கி, பானெட்டைத் திறந்து, தோள் துண்டைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடிக்குக் கையைக் கொண்டுபோனார்.

தட்டுக்காரப் பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "அண்ணே, மூடியத் தொடாதீக! மூஞ்சி வெந்து போகும்!"

கையை எடுத்துக்கொண்டார். போலீஸ்காரர் ஒருவர் நான் கத்தி அடங்கியது இதுதான் முதல் தடவை.

பிறகு பூவைப் பிய்த்தேன். இரண்டு கையாலும். கம்பியில் கட்டியிருந்தார்கள், விரல் கிழிந்தது. கிழியட்டும். கொத்துக் கொத்தாய் இழுத்துத் தெருவில் எறிந்தேன். மயிலையும். மதினி தலையில் கையை வைத்தார். "அய்யய்யோ, நல்ல காரியத்துக்குக் கட்டுன பூவப் பிய்க்காளே! தடுக்க ஒரு ஆளில்லையா?" ஒரு ஆளும் இல்லை. சுபேதாருக்கு மீசை மட்டும் ஆடியது. பிய்க்கப் பிய்க்க எனக்கு ஏதோ இறங்கிக்கொண்டே வந்தது, அதை எழுதத் தெரியவில்லை. கடைசிச் சரத்தை இழுத்தபோது நன்றாக மூச்சு வந்தது.

நாதஸ்வரக்காரர் பக்கத்தில் வந்து, "நிப்பாட்டவா, வாசிக்கவா தாயி?" என்று கேட்டார். என்னிடம் கேட்டார், அண்ணனிடம் இல்லை.

"வாசிங்க. இது ஆற நேரமாகும்."

ஆறியது. கேனில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அண்ணன் "எல்லாரும் தள்ளுங்கலே, மண்டபம் கிட்டத்தான்" என்றார். தள்ளக் கூடாது என்றேன். மறுபடி ஊர்ந்தாலும் கொதிக்கும். குழந்தைகளை இறக்கிவிட்டேன். சாவி வண்டியில்தான் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க போறோம் அத்தே?" கதிர்.

"இது ஓடுனாத்தான் ஆறும்."

"அப்ப ஓட்டுங்க. தலைசுத்தல் போயிட்டா?"

"உங்கப்பனுக்குத்தான் சுத்துது."

வெடி வைத்த பையன்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். மதுரை ரோட்டில் ஏறினேன். ஒட்டியிருந்த பூவெல்லாம் பிய்ந்து பின்னால் பறந்தது. கதிர் மாலையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். வண்டியின் முழுச் சத்தம் எழும்பியதும் மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி ஊளையிட்டான். எதிரே வந்த லாரிக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு நீளமாக ஹாரன் அடித்தார். சூடு காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. கிருஷ்ணன்கோவிலில் திரும்பினேன்.

மண்டபத்துக்கு வந்தால் மாப்பிள்ளை வந்தாயிற்று, மேளத்தைக் காணோம், ஊர்வலத்தைக் காணோம். ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் அலறி அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வண்டியோடு சேர்த்துத்தான் சுற்ற வேண்டும், வண்டிக்குள் நானும் இருக்கிறேன். இறங்குவேன் என்று செத்த நேரம் நின்று பார்த்தார்கள். இறங்கவில்லை. மூன்று சுற்று, எனக்கும் சேர்த்து.

இன்று காலை முகூர்த்தம். நான் ஐந்தாவது வரிசை. தாலி கட்டி முடிந்து இரண்டு பேரும் வந்து காலில் விழுந்தார்கள். நித்யா எழும்போது மெதுவாகச் சொன்னாள்: "நான் மாடியில இருந்தேன் அத்தே. மொதல்ல சத்தம் வந்துச்சு. பொறவுதான் நீங்க வந்தீங்க."

ஆவணி 10, செவ்வாய்

லேசான சாரல். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டேன், பிறகு எடுத்தேன். ஹோஸ் ஒன்று வெடிப்பு, மாற்றினேன். விரலில் கட்டு, நம் தறியில் நெய்த பேண்டேஜ்தான்.

காலையில் அண்ணன் வந்தார். இன்று உட்கார்ந்தார். பூவைப் பிய்த்தது அபசகுனம் என்று சுபேதார் மனதில் கிடக்கிறதாம். பெண்ணுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடுமோ என்று பயம். மம்சாபுரம் வந்து ஒரே ஒரு வார்த்தை, தப்பு என்று சொல்லிவிட வேண்டும்.

"சொல்லலைன்னா?"

"மறுவீட்டுக்கு ஒன்னக் கூப்பிட வேண்டாம்னுட்டாக. கதிரு வீட்டுக்குப் போக வர இருக்கணும்னா, நீதான் பாத்துக்கிடணும்."

இதற்கு முன் அண்ணன் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறார். ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது. கதிரின் வாசலை வைத்து மிரட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாங்க, போவோம் என்றேன்.

என் வண்டியில்தான் போனோம். அண்ணன் வலது பக்கம் உட்கார்ந்து, முன்னால் ஸ்டியரிங் இல்லாமல், காலை மட்டும் பிரேக் மிதிப்பது போல மிதித்துக்கொண்டே வந்தார். நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்புத்தான். தப்புத்தான். சொல்ல வந்தது. ஒரு வார்த்தைதானே, கதிருக்காகச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், பொய் எழுதவில்லை.

சுபேதார் வீடு. நாற்காலி போட்டார்கள். மனிதர் மரியாதைக்காரர், ஒரு சத்தம் இல்லை. அவர் சம்சாரம் காபி கொண்டு வந்து வைத்தார்.

"தங்கச்சி மனசுல ஒண்ணும் வச்சுக்கிடக் கூடாது" என்று ஆரம்பித்தார். "பிள்ளைகளுக்கு நல்லது கெட்டதுன்னு ஒரு பயந்தான். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அதோட போச்சு. இன்னொண்ணு. ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய வண்டி? மருமகன் பேருக்கு எழுதிக் குடுத்துருங்களேன். அவருக்கும் பிரியந்தான். பெறத்தியாருக்கா போகுது, நம்ம வீட்டுலதான கெடக்கப் போகுது?"

அண்ணனைப் பார்த்தேன். அவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது சுபேதாராக யோசித்தது இல்லை.

வரும் வழியெல்லாம் பழகிய வார்த்தை தொண்டையில்தான் இருந்தது. அதையே எடுத்தேன்.

"தப்புத்தான் அண்ணாச்சி. சொல்லத்தான் வந்தேன்" என்றேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுபேதார் முகம் தெளிந்தது. "ஆனா பூவப் பிய்ச்சது இல்ல. பிள்ளையார் கோயில் முன்னால, எல்லாரும் பாக்காகன்னு, என் சாவிய எடுத்து இவிய கையில குடுத்தேன் பாருங்க. அதான் தப்பு. இனிமே அது நடக்காது."

காபி நன்றாக இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.